எம்.காமா, சி.ஏ.வா என்று கேட்கும் பிள்ளைக்கு என்ன சொல்கிறீர்கள்?

சென்னைக் கலை அறிவியல் கல்லூரிகளின் வணிகவியல் துறைத் தலைவர்களுக்கும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் நிதிப் பிரிவை நான் பார்த்துக்கொள்கிறேன். செலவுக் கணக்கர் தகுதியான சி.எம்.ஏ. முடித்தவள். எம்.காம். பட்டத்தைப் பின்னால் தொலைநிலைக் கல்வியில் வாங்கினேன். ஒவ்வொரு ஆண்டும் ரிசல்ட் வந்த கையோடு உங்கள் மாணவர்கள் எங்களிடம் நேர்காணலுக்கு வருகிறார்கள். நேர்காணல் முடிந்து, சான்றிதழ்களை ஃபைலில் அடுக்கிக்கொண்டே, பாதிப் பேராவது தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்பார்கள்: "மேடம், எம்.காம். சேரட்டுமா, சி.ஏ. பண்ணட்டுமா?" எம்.காம். முடித்துவிட்டு வந்தவர்களும் கேட்கிறார்கள், "இப்ப சி.ஏ. ஆரம்பிக்கலாமா, லேட்டாயிடுச்சா?" என்று.

இந்தக் கேள்விக்கு முன்பின் தெரியாத ஒரு கம்பெனிக்காரியிடம் பதில் தேடும் நிலை அவர்களுக்கு வந்திருக்கக் கூடாது. ஐந்து செமஸ்டர், ஆறு செமஸ்டர் உங்கள் எதிரில் உட்கார்ந்து படித்த பிள்ளைகள் அவர்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்கு, தணிக்கை, வரி ஆகியவற்றில் பிழைப்பைத் தேடப்போகிற மாணவருக்குத் தொழில்முறைத் தகுதிதான் முதலில். பட்டயக் கணக்காளர் தகுதியான சி.ஏ.வோ, சி.எம்.ஏ.வோ, அவரவர் சக்திக்கும் விருப்பத்துக்கும் ஏற்றது. முதுகலைப் பட்டம் அதற்குப் பின்னால் வரட்டும். கல்லூரியிலோ பள்ளியிலோ ஆசிரியர் ஆகப் போகிறவருக்கு மட்டும் வரிசை வேறு. இதில் உங்களில் பலருக்கு உடன்பாடு இருக்காது. சரி, காரணங்களைக் கேட்டுவிட்டு மறுத்துச் சொல்லுங்கள்.

முதல் காரணம் சட்டத்தில் இருக்கிறது. நிறுவனங்கள் சட்டம் 2013-இன்படி ஒரு கம்பெனியின் கணக்கைத் தணிக்கை செய்து கையெழுத்திட சி.ஏ.வுக்கு மட்டுமே உரிமை. வருமான வரிச் சட்டப்படியான வரித் தணிக்கையும் அப்படித்தான். அதே 2013 சட்டத்தின் 148-ஆம் பிரிவின்படி செலவுக் கணக்குத் தணிக்கை சி.எம்.ஏ.வுக்கு உரியது. எம்.காம்.மில் தங்கப் பதக்கம் வாங்கியவரானாலும், வணிகவியலில் முனைவர் பட்டம் பெற்றவரானாலும், இந்தத் தாள்கள் எதிலும் கையெழுத்திட முடியாது. இதனால் பட்டத்தின் மதிப்புக் குறைந்துவிடாது. பட்டம் அறிவுக்குச் சான்று தருகிறது, தொழில்முறைத் தகுதி ஒரு வேலையைச் செய்யும் உரிமத்தைத் தருகிறது. இரண்டும் வேறு வேறு சங்கதி என்பதை மூன்றாண்டு பி.காம். படித்த பிள்ளை அறியாமலே வெளியே வருகிறது.

அதே சட்டத்தின் இன்னொரு பக்கத்தையும் சொல்லிக்கொடுங்கள். பட்டியலிடப்பட்ட கம்பெனிகளும் 10 கோடி ரூபாய்க்குக் குறையாத செலுத்திய மூலதனமுள்ள பொது நிறுவனங்களும் முழுநேர நிதி அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்கிறது 203-ஆம் பிரிவு. அவர் சி.ஏ.வாக இருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. கம்பெனி செகரட்டரிக்குத்தான் நிறுவனச் செயலர் கழகத்தின் உறுப்பினராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. ஆக, கம்பெனிக் கணக்குத் தணிக்கையில் கையெழுத்து உரிமை வேண்டும் என்றால் சி.ஏ. இல்லாமல் முடியாது. கம்பெனிக்குள் மேலே போவதற்குச் சட்டம் எந்தத் தடையும் வைக்கவில்லை. அங்கே தடை வருவது வேலை தெரிகிறதா என்ற இடத்தில்தான். சி.ஏ. இல்லையென்றால் வாழ்க்கையே இல்லை என்று நினைத்து உடைந்துபோகிற பிள்ளைகளுக்கு இது கட்டாயம் தெரிய வேண்டும்.

இரண்டாவது காரணத்தைப் பெரும்பாலும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. பட்டத்துக்கும் தொழில்முறைத் தகுதிக்கும் நடுவிலுள்ள கதவு ஒரு பக்கமாகத்தான் திறக்கிறது. வணிகவியல் பட்டதாரி 55 சதவீதம் வாங்கியிருந்தால் சி.ஏ.வின் முதல் படியான ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக அடுத்த படியான இன்டர்மீடியட்டில் பதிவு செய்யலாம். எம்.காம். முடித்தவருக்கும் இதே சலுகைதான். அதற்கு மேல் இன்டரில் ஒரு பேப்பர்கூட விலக்குக் கிடையாது. "எம்.காம். முடிச்சா சி.ஏ. ஈஸி" என்று நம்பி இரண்டு ஆண்டு செலவிட்ட மாணவர், பி.காம். முடித்த அன்று எங்கே நின்றாரோ அங்கேயேதான் போய் நிற்கிறார்.

மறுபக்கம் பாருங்கள். 2021 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு சி.ஏ., சி.எஸ். (கம்பெனி செகரட்டரி), செலவுக் கணக்கர் தகுதிகளை முதுகலைப் பட்டத்துக்கு இணையாக, கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தேர்வுக்கு ஏற்றுக்கொண்டது. ஐ.ஐ.எம். நுழைவுத் தேர்வான கேட் எழுதவும் சி.ஏ. தகுதி போதும். அதாவது, தொழில்முறைத் தகுதியைக் கையில் வைத்திருப்பவர் பட்டங்களின் உலகத்துக்குள் நுழைய முடிகிறது. பட்டத்தை மட்டும் வைத்திருப்பவருக்கு அந்தப் பக்கம் முதலிலிருந்துதான் தொடக்கம். எதை முதலில் செய்வது என்று யோசிக்கிற பிள்ளைக்கு இந்த ஒரு தகவலே பாதி முடிவை எடுத்துக் கொடுத்துவிடும்.

இப்போது வேலை நடக்கும் இடத்துக்கு வருகிறேன்.

எங்கள் நேர்காணலில் தியரிக் கேள்வி அதிகம் இருக்காது. கொள்முதல் பதிவேட்டின் ஒரு பக்கம், சப்ளையர்கள் ஜி.எஸ்.டி. போர்ட்டலில் ஏற்றிய பில்களைக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-2பி அறிக்கையில் அதே மாதத்தின் ஒரு பக்கம், இரண்டையும் பிரின்ட் எடுத்து மேசையில் வைப்போம். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கும். எது எது, ஏன் என்று சொல்ல வேண்டும். கடந்த முறை வைத்த பக்கத்தில் ராணிப்பேட்டை சப்ளையர் ஒருவரின் பில் இருந்தது. தேதி மார்ச் 28. நம் பதிவேட்டில் மார்ச்சிலேயே ஏறியிருக்கிறது. மார்ச் மாத 2பி-யில் இல்லை, ஏப்ரலில்தான் வந்திருக்கிறது.

எம்.காம். முதல் வகுப்பில் தேறிய ஒரு பெண் வந்திருந்தாள். மறைமுக வரித் தாளில் 80-க்கு மேல். கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவு என்றால் என்ன என்று அருவி மாதிரி சொன்னாள். தாளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். 2பி அறிக்கையை அவள் அதற்கு முன் கண்ணால் பார்த்ததே இல்லை. ஜி.எஸ்.டி. போர்ட்டலில் யாரும் அவளுக்கு ஒரு முறைகூட லாகின் போட்டுக் காட்டியதில்லை. தெரியாததை மழுப்பாமல் தெரியாது என்று சொன்னாள், அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்து வந்த பையன் சி.ஏ. இன்டர் முடித்தவன். தி.நகரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் என்னும் கட்டாயப் பயிற்சியை முடித்துவிட்டு, ஃபைனலில் தேற முடியாமல் வேலை தேடி வந்தவன். தாளை ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு கேட்டான்: "மேடம், சரக்கு என்னைக்கு கேட்டுக்குள்ள வந்துச்சு?"

இந்தக் கேள்வியைப் பாடப்புத்தகத்திலிருந்து வரவழைக்க முடியாது. பில் தேதி எதுவானாலும் சரக்கு கைக்கு வந்தால்தான் வரி வரவு எடுக்க முடியும் என்பது ஒன்று. சரக்கு ஏப்ரல் 2-ஆம் தேதி வந்திருந்தால் மார்ச் 31 கையிருப்பில் அதை எப்படிக் காட்டினோம் என்பது அதிலிருந்து கிளம்பும் அடுத்த கேள்வி. வரியில் தொடங்கி இருப்புநிலைக் குறிப்புக்குப் போய்விட்டான். மார்ச் 31 ராத்திரி மாதவரம் குடோனில் நின்று மூட்டை எண்ணியவனுக்கு, வரித் தணிக்கைக் கெடு நெருங்கும்போது ராத்திரி பதினோரு மணிவரை வவுச்சர் புரட்டியவனுக்கு, அந்தக் கேள்வி தானாக வாயில் வருகிறது. தேர்வைவிட, சி.ஏ.வின் உயிர் அந்தப் பயிற்சியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். 2023 ஜூலையில் வந்த புதிய பாடத்திட்டத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. மாணவருக்கு ஓராண்டு மிச்சம். பயிற்சியில் ஓராண்டு போயிற்றே என்று எனக்கு வருத்தம்தான்.

அந்தப் பெண்ணைவிட அவன் புத்திசாலி என்று இதற்குப் பொருள் இல்லை. அவள் ஏ.சி. அறையில் உட்கார்ந்து நோட்ஸ் எழுதிய அதே காலத்தில் அவன் வேலைக்குள் நின்றிருந்தான், அவ்வளவுதான். எம்.காம். வகுப்பிலும் வேலையைக் கொண்டுவந்து வைக்க முடியும். அது உங்கள் கையில் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சரி, அந்தப் பையனுக்கு நடந்த மீதிக் கதையையும் சொல்ல வேண்டும். அவனையே எடுத்துக்கொண்டோம், வேலையில் சுட்டி. ஆனால் உதவி மேலாளர் கிரேடுக்கு அவன் பெயரை அனுப்பியபோது மனிதவளப் பிரிவின் படிவம் முட்டுக்கட்டை போட்டது. "முதுகலைப் பட்டம் அல்லது சி.ஏ./சி.எம்.ஏ. முழுத் தகுதி" என்று அதில் ஒரு வரி. இன்டரும் ஆர்ட்டிகிள்ஷிப்பும் அந்தக் கட்டத்துக்குள் எங்கும் அடங்கவில்லை. நான் எவ்வளவு வாதாடியும் படிவம் படிவம்தான். இப்போது அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைநிலை எம்.காம். படிக்கிறான். பட்டம் வேண்டாம் என்று நான் எந்த மாணவரிடமும் சொல்லாததற்கு இதுதான் காரணம். பட்டம் வேண்டும். வேலையில் உட்கார்ந்தபடி, சேப்பாக்கத்துச் சென்னைப் பல்கலைக்கழகத்திலோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ இக்னோவிலோ, குறைந்த செலவில் அதை வாங்கிக்கொள்ள முடியும். ஆர்ட்டிகிள்ஷிப்பை அப்படி ஞாயிற்றுக்கிழமைகளில் செய்ய முடியாது. வரிசை முக்கியம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

தோல்வியைப் பற்றி நாம் மனம்விட்டுப் பேசுவதே இல்லை. சி.ஏ. ஃபைனலில் இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதியவர்களில் தேறியவர்கள் 2023 நவம்பரில் 9.42 சதவீதம், 2024 மே மாதத்தில் 19.88 சதவீதம். நன்றாக வந்த அந்தத் தடவையிலேயே ஐந்தில் நான்கு பேர் தேறவில்லை. ஒவ்வொரு பேப்பரிலும் 40, குரூப் மொத்தத்தில் 50 சதவீதம் என்ற நிபந்தனையில் இரண்டு மதிப்பெண்ணில் போனவர்கள் எத்தனையோ பேர். 25, 26 வயதில், கூடப் படித்தவன் பைக் வாங்கி, தங்கை கல்யாணமும் செய்து முடித்திருக்க, இவன் மட்டும் மயிலாப்பூர் மேன்ஷன் அறையில் மறுபடி அதே புத்தகத்தைத் திறக்கிறான். சி.ஏ. படியுங்கள் என்று சொல்கிற எவரும் இந்த அறையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெறும் டாப்பர் படத்தைப் பேனரில் போடும் கோச்சிங் சென்டர்கள் அதைச் சொல்லப் போவதில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நான் என் பங்குக்கு ஒன்று சொல்வதுண்டு. ஃபைனலுக்கு எத்தனை முறை உட்காருவோம் என்பதை முதல் முறை எழுதுவதற்கு முன்பே, வீட்டாரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள் என்பேன். அந்த எண்ணிக்கை தாண்டினால் வேலைக்குப் போய்விடுவது, படிப்பை வேலையோடு இழுத்துக்கொண்டு போவது. அல்லது சி.எம்.ஏ.வுக்கு மாறுவது. பாடத்தில் பெரும்பகுதி ஒன்றாகத்தான் வரும், உழைத்தது வீண்போகாது. தோற்ற பிறகு எடுக்கிற முடிவு அழுகையிலும் ஆத்திரத்திலும் போய் முடிகிறது. முன்பே எடுத்தது அப்படி ஆவதில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எம்.காம். வகுப்புகளில் பெண்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். மகிழ்ச்சியான விஷயம்தான். ஆனால் அவர்களில் பலர் வரன் அமையும்வரை மழைக்கு ஒதுங்குவது போல அங்கே வந்து நிற்கிறார்கள். "சி.ஏ.ன்னா எப்ப முடியும்னு சொல்ல முடியாது, எம்.காம்.னா ரெண்டு வருஷம்" என்பது வீட்டுக் கணக்கு. அந்தக் கணக்கைத் தட்டிக் கேட்கக்கூடிய ஒரே ஆள் பெரும்பாலும் அவளுடைய பேராசிரியைதான். அப்பா உங்கள் சொல்லுக்குக் கட்டுப்படுவார், தோழியின் சொல்லுக்குக் கட்டுப்பட மாட்டார். இந்த ஊருக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு. நாட்டின் முதல் பெண் கணக்குத் தணிக்கையாளர் ஆர். சிவபோகம் சென்னைக்காரர், ராணி மேரிக் கல்லூரியில் படித்தவர். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1933-இல், சி.ஏ.வுக்கு முன்பிருந்த அரசுக் கணக்கியல் டிப்ளமோவான ஜி.டி.ஏ. தேறினார். 1949-இல் இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் உருவான பிறகு, 1955 முதல் 1958 வரை அதன் தென்னிந்திய வட்டாரக் குழுவுக்குத் தலைவராக இருந்தார். சென்னையில் பி.காம். படிக்கும் எத்தனை பெண்களுக்கு இந்தப் பெயர் தெரியும்? ராணி மேரியிலேனும் தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

எம்.பி.ஏ. பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நல்ல இடத்தில், ஓரிரு ஆண்டு வேலை அனுபவத்தோடு போய்ச் செய்தால் பயன் உண்டு. கணக்குத் துறையைத் தாண்டி நிர்வாகத்துக்குப் போக விரும்புகிறவருக்கு அது சரியான வழி. பி.காம். முடித்த கையோடு, சீட்டுக் கிடைத்த ஏதோ ஒரு தனியார் கல்லூரியில், கல்விக் கடன் வாங்கி எம்.பி.ஏ. ஃபைனான்ஸ் சேர்வதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். படிப்பு முடிந்து கிடைப்பது பி.காம். பட்டதாரிக்கும் கிடைக்கிற அதே அக்கவுன்ட்ஸ் பேயபிள், அதாவது சப்ளையர் பில்களுக்குப் பணம் கொடுக்கும் பிரிவின் இருக்கை, கூடவே மாதத் தவணை. ஓ.எம்.ஆர்., தரமணி, கிண்டி பக்கம் இருக்கிற பன்னாட்டு கம்பெனிகளின் சேவை மையங்களில் இப்படிப் பலரைப் பார்க்கலாம். அங்கே பில்லைப் படித்து என்ட்ரி போடும் வேலையை மென்பொருளே எடுத்துக்கொண்டு வருகிறது. மாத முடிவுக் கணக்கை மூடி, ஏன் இந்த எண் மாறியது என்று விளக்குகிறவருக்குத்தான் அங்கே அடுத்த படி.

வெளிநாட்டுத் தகுதிகள் பற்றியும் உங்கள் மாணவர்கள் நிறையக் குழம்பிப்போயிருக்கிறார்கள். கோச்சிங் சென்டரில் சி.எம்.ஏ. என்று போர்டு போட்டிருக்கும், உள்ளே நடத்துவது அமெரிக்க சி.எம்.ஏ.வாக இருக்கும். அது இரண்டே தாள். இந்தியச் செலவுக் கணக்கர் கழகத்தின் சி.எம்.ஏ. இன்டரில் எட்டு, ஃபைனலில் எட்டு. இரண்டும் வேறு. முன்னதை வைத்து இங்கே செலவுக் கணக்குத் தணிக்கையில் கையெழுத்திட முடியாது. பணம் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொண்டு கண் கலங்கிய பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். பிரிட்டனின் கணக்காளர் தகுதியான ஏ.சி.சி.ஏ.வில் பதின்மூன்று தாள், பி.காம். பட்டதாரிக்குச் சிலவற்றில் விலக்கு உண்டு, கட்டணம் பவுண்டில். வளைகுடாவுக்கும் மேற்சொன்ன சேவை மையங்களுக்கும் உதவும், இந்தியாவில் தணிக்கைக் கையெழுத்துக்கு உதவாது.

அமெரிக்கக் கணக்காளர் உரிமமான சி.பி.ஏ. விஷயத்தில் மட்டும் நான் என் வரிசையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். அங்கே பெரும்பாலான மாநிலங்கள் உரிமத்துக்கு 150 கிரெடிட் மணிநேரப் படிப்பைக் கேட்டு வந்திருக்கின்றன. நம் மூன்றாண்டு பி.காம். மட்டும் அதற்குப் போதாது, எம்.காம். சேர்ந்தால்தான் கணக்கு நெருங்கும். ஒஹையோ உள்ளிட்ட பல மாநிலங்கள் இப்போது மாற்று வழிகளையும் திறக்கத் தொடங்கியிருக்கின்றன. தேர்வை 2020 முதல் இந்தியாவிலேயே எழுதலாம். அந்த ஊரில் பட்டமும் தொழில்முறைத் தகுதியும் பின்னிப் பிணைந்திருக்கின்றன. இங்கே சி.ஏ. ஆக எம்.காம். தேவையே இல்லை. அமெரிக்காவில் இருக்கிற மாமா பையன் சொன்ன யோசனை வியாசர்பாடிப் பிள்ளைக்குப் பொருந்தாமல் போவது இந்த வித்தியாசத்தால்தான்.

வியாசர்பாடி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சி.ஏ. தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும், தமிழில் எழுத வழி இல்லை. வடசென்னையில் தமிழ் வழியில் பிளஸ் டூ வணிகவியல் படித்து, பேரேடும் இருப்பாய்வும் கரைத்துக் குடித்த பிள்ளைகள் கல்லூரியில் முதல் ஆண்டிலேயே பின்வாங்கிவிடுகிறார்கள். கணக்குத் தெரியாமல் இல்லை, வினாத்தாளின் நான்கு வரி ஆங்கிலத்தைப் பார்த்த பயம். இந்த மாணவர்களுக்கு முதல் ஆண்டில் வாரம் இரண்டு மணி நேரம், சட்டத் தாள்களின் ஆங்கிலத்தை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தாலே போதும். இரண்டாம் ஆண்டில் தாங்களாகவே ஓடிவிடுவார்கள். எங்கள் பிரிவில் இப்போது எனக்கு அடுத்த நிலையில் இருப்பவர் அப்படி வந்தவர்தான்.

இனி, நான் கேட்டுக்கொள்வது.

இந்தப் பேச்சை மூன்றாம் ஆண்டில் வைக்காதீர்கள், முதல் ஆண்டிலேயே வையுங்கள். புதிய திட்டத்தில் பிளஸ் டூ முடித்து ஃபவுண்டேஷனில் தொடங்குகிறவர் எல்லாவற்றையும் முதல் முறையிலேயே தேறினால் 42 மாதத்தில் முடிக்கலாம். பி.காம். முடித்துவிட்டு நேரடியாக இன்டரில் சேருகிறவருக்கு அதற்கப்புறம் எட்டு மாதப் படிப்பு, இரண்டாண்டுப் பயிற்சி, ஆறு மாத இடைவெளி. இதை முதல் ஆண்டு மாணவரிடம் சொன்னால் அவருக்கு அது ஒரு திட்டம். மூன்றாம் ஆண்டு மார்ச்சில் சொன்னால் அதிர்ச்சி.

கழகங்களுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். பட்டயக் கணக்காளர் கழகமும் நிறுவனச் செயலர் கழகமும் நுங்கம்பாக்கத்தில் இருக்கின்றன, செலவுக் கணக்கர் கழகம் எழும்பூர் மான்டியத் சந்தில். மூன்றையும் ஒரே மதியத்தில் பார்த்துவிடலாம். அங்கே டாப்பரைப் பேசச் சொல்லாதீர்கள். ஃபைனலை மூன்று முறை எழுதித் தேறியவரையும், விட்டுவிட்டு வேலைக்குப் போய் நன்றாக இருப்பவரையும் பேசச் சொல்லுங்கள்.

எம்.காம். பாடத்திட்டத்தைத் தன்னாட்சிக் கல்லூரிகள் உங்கள் பாடக் குழுவிலேயே மாற்ற முடியும். ஒரு செமஸ்டர் முழுவதும் ஓர் ஆடிட்டர் அலுவலகத்திலோ கம்பெனிக் கணக்குப் பிரிவிலோ உட்கார வைக்கும் தாளாக ஒன்றை மாற்றுங்கள். ஏற்கெனவே இன்டர்ன்ஷிப் இருக்கிறது என்பீர்கள். பதினைந்து நாள் போய்வந்து, சீல் வாங்கி, ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுக்கும் அறிக்கையை நானும் பார்க்கிறேன். எங்கள் அலுவலகத்துக்கே சீல் கேட்டு வருகிறார்கள். அது இல்லை நான் கேட்பது. மாணவர் தன் கையால் ஒரு வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் போட்டு, அது பொருந்தாமல், ஏன் பொருந்தவில்லை என்று கண்டுபிடித்துவிட்டு வர வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது, சொல்லத் தயக்கமாகவே இருக்கிறது. எம்.காம். இடங்களை நிரப்ப வேண்டிய நெருக்கடி உங்களுக்கு உண்டு. அட்மிஷன் குறைந்தால் பணியிடம் போகும் என்ற பயம் நியாயமானது, சுயநிதிப் பிரிவில் வேலை பார்க்கும் ஆசிரியர்களின் சம்பளம் எனக்குத் தெரியாதது அல்ல. அப்படியிருந்தும், நன்றாகக் கணக்குப் போடும் ஒரு பிள்ளையை, "முதல்ல இங்க சேர்ந்துடு, மத்ததை அப்புறம் பார்க்கலாம்" என்று சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆசிரியர் ஆக ஆசைப்படுகிறவரை இரண்டு கையாலும் வரவேற்றுச் சேருங்கள். கல்லூரி வேலைக்கு முதுகலையில் 55 சதவீதத்தோடு நெட்டோ மாநில அளவிலான செட்டோ, இல்லையென்றால் முனைவர் பட்டமோ வேண்டும். மேல்நிலைப் பள்ளிக்கு எம்.காம்.மோடு பி.எட்., அதன்பின் டி.ஆர்.பி. தேர்வு. அவர்களுக்கு எம்.காம்.தான் நேர்வழி. அப்படிப்பட்டவர்கள் நிறைந்த வகுப்பு உங்களுக்கும் பாடம் நடத்த நிறைவாக இருக்கும்.

கம்பெனிகள் பக்கத்திலும் மாற வேண்டியது இருக்கிறது. எங்கள் படிவத்தில் அந்த ஒரு வரியை மாற்ற நான் தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்டர் தேறி ஆர்ட்டிகிள்ஷிப் முடித்தவரை முதுகலைக்குச் சமமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கோரிக்கை. இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை பிற்பகல்களில் எனக்கு நேரம் உண்டு. எந்தக் கல்லூரி அழைத்தாலும் வருகிறேன், அரசுக் கல்லூரி என்றால் முதலில் வருகிறேன். கட்டணம் எதுவும் வேண்டாம். ஒரு புரொஜெக்டரும், எழுபது எண்பது பேர் உட்காரும் அறையும் போதும். எங்கள் பிரிவிலிருந்து இரண்டு பேரையும் அழைத்து வருகிறேன். நான் இங்கே எழுதியிருக்கும் பையன் வரச் சம்மதித்திருக்கிறான். மாணவர்களோடு பெற்றோரையும் கூப்பிடுங்கள், கேள்விகள் பாதிக்கு மேல் அவர்களிடமிருந்துதான் வரும்.

மரியாதையுடன்,
அம்பத்தூர் தொழிற்பேட்டையிலிருந்து ஒரு நிதிப் பிரிவு மேலாளர்